வேன் எதற்கு வந்தது?

ஹாஜியார்,

இன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிக் கதிரையில் போட்டிருக்கிறேன். அறை முழுக்கப் பூச்சி உருண்டை நாற்றம். சபைக் காரியாலயத்து இரும்பு அலுமாரியில் கிடந்தது, யாருக்கோ வாங்கி யாருக்கும் போர்த்தாமல் விட்டது. ஒரு விழாவில் உங்களுக்குப் போர்த்த வந்தபோது, "இந்தச் சால்வைக்கி என்ன விட வயசு கூட போல ஈக்கே" என்று ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே சொல்லி எல்லாரையும் நெளிய வைத்தீர்களே, அதே அலுமாரிதான். நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பிரதேச சபையிலிருந்து விலகிவிட்டேன். முழங்கால் இரண்டும் படியேற மறுக்கின்றன. கட்சிக்கும் என் கதிரை வேறு யாருக்கோ தேவைப்படுகிறது. இன்று கடைசிக் கூட்டம். விலகிப் போகிறவர் எழுந்து எதிர்ப்பக்கத்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்வதும், அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பதிலுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்வதும் நம் சபையின் வழக்கம். உங்களுக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நீங்கள் எழுந்து பேசியிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் அந்த வழக்கத்தைச் செய்யவில்லை. உங்களைத் தூக்கி எறிந்தார்கள்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. எழுதினால் அடங்கும் என்று நினைத்து இதை எழுதவும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் இன்று சாயந்தரம் மடவளையில் உங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு வந்து, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அது முடியாததால்தான் இந்த மடல்.

நான் முதல்முதலாகச் சபையில் பேசிய நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? பன்வில வீதித் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து, தொழிற்சங்கத்தில் கத்திக் கத்தி, பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உறுப்பினராக வந்தவள் நான். கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம்தான் அப்போது என்னிடம் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அடுத்த மாதம் வருவார் என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்றுவரை வரவில்லை. எங்கள் லயத்து வீடுகளுக்குப் போகிற பாதையில் அம்புலன்ஸ் ஏறாது, பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வருகிறோம் என்று தமிழில் பேசினேன். பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "மெம்பர் பேசினது இங்க கனபேருக்கு வெளங்கல்ல. நான் செல்லுறன்" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, கூட்டத்தை நடத்திய தவிசாளர் பக்கம் திரும்பி, நான் பேசியதை முழுக்கச் சிங்களத்தில் சொன்னீர்கள். ஒன்றையும் விடவில்லை. மடவளைப் பக்கத்து உறுப்பினர் தன் கடைத்தெருவுக்குக் கொங்கிரீட் போட்டுக்கொள்கிறார், மலையில் இருப்பவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நான் உங்களை ஏசியதையும், உங்கள் நெஞ்சையே விரலால் காட்டிக்கொண்டு சொன்னீர்கள். சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், உட்காராமலே, "இனி என்ட பதில்" என்று தொடங்கி என்னைக் கிழித்துப் போட்டீர்கள். தோட்டம் கம்பெனியுடையது, சபையின் பணத்தை அங்கே கொட்டச் சட்டம் இடம் தராது என்றீர்கள். அன்று உங்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகு தேநீர் அறையில் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"நல்லா ஏசினீங்க மெம்பர். அதே சூட்டோட சிங்களத்துல ஏசுறதுக்குள்ள எனக்கு வேர்த்திட்டு."

"நீங்க ஏன் குறைச்சுச் சொல்லல? உங்களத்தான திட்டினேன்."

"கொறச்சிச் சென்னா பொறகு நான் யாருக்குப் பதில் செல்லுற?"

அப்படித்தான் கடைசிவரை நடந்தது. மாதத்துக்கு ஒரு கூட்டம். என் வாயாகவும் என் எதிரியாகவும் ஒரே ஆள். சட்டம் மாறித் தோட்டத்துப் பாதைக்குச் சபை செலவழிக்கலாம் என்று வந்ததும், என் பிரேரணைக்கு முதலில் உயர்ந்த கை உங்களுடையது. என் கட்சிக்காரர்கள் அப்போதும் கைபேசியில்தான் இருந்தார்கள்.

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தால் எழுத விடமாட்டீர்கள்.

நம் சபையில் வெறுங்கதிரை என்று ஒரு வழக்கம் இருந்தது. சட்டத்தில் இல்லை, பழைய உறுப்பினர்கள் வாய்ச்சொல்லாகக் காத்தது. ஒரு பக்கத்து உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்து அவர் வாக்கெடுப்புக்கு வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தானும் வராமல் இருந்துவிடுவார். இந்தப் பக்கம் ஒரு கதிரை வெறுமை, அந்தப் பக்கமும் ஒரு கதிரை வெறுமை. சாவு வீட்டை வைத்து ஒருவரும் வெல்லக் கூடாது என்பதுதான் அதன் பொருள். உங்கள் உம்மா மௌத்தானபோது எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் இருந்தார். உங்கள் குழுத் தலைவரின் தகப்பன் போனபோதும் எங்களில் ஒருவர் இருந்தார். அந்தத் தலைவரை மறக்க வேண்டாம், அவரைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல இருக்கிறது.

அந்த வருடம் எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு கைதான் அதிகம். வரவு செலவுப் பாதீடு தோற்றால் தவிசாளரின் கதிரை போய்விடும். உங்கள் தலைவர் அந்தக் கதிரையில் உட்காரத் துணி தைத்து வைத்திருந்தார் என்று ஊரே சொன்னது. வாக்கெடுப்புக்கு முதல் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில், உடலைக் குளிப்பாட்டி வீட்டு வாசலில் வைத்திருந்தபோது, தவிசாளர் தொலைபேசியில் வந்தார். என் கட்சி சேர்ந்திருந்த பக்கத்துத் தவிசாளர். சிங்களத்தில், மெதுவாக, மிகவும் கரிசனையான குரலில் பேசினார். அக்கா, எங்கள் எல்லாருக்கும் துக்கம்தான். ஆனால் பத்து நிமிடம் வந்து கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுங்கள். எப்படியும் பின்னேரம்தானே எடுப்பீர்கள். வேன் அனுப்பியிருக்கிறேன், பாதை திரும்பும் கோயில் முடக்கில் நிற்கிறது என்றார்.

எட்டிப் பார்த்தேன். வேன் நின்றது. வெள்ளை வேன், முன்கண்ணாடியில் கட்சிக் கொடி. என் மனிதர் தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போனை மகனிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டக்கூட வாய் வரவில்லை. இப்போது வருகிறது. இப்போது எத்தனை வருகிறது தெரியுமா?

கொஞ்ச நேரத்தில் அதே போன் திரும்ப அடித்தது. நீங்கள். அதுவரை மெம்பர் என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"தங்கச்சி, நீங்க எங்கயும் போக வாணாம். இன்டைக்கி என்ட கதிரயும் சும்மா ஈக்கும். நான் அங்க வாரன்."

வந்தீர்கள். முடக்கில் நின்ற வேன் சாரதியிடம், "வண்டியத் திருப்பு தம்பி. அவவும் வர மாட்டா, நானும் போக மாட்டன்" என்று சொல்லிவிட்டு, அந்தச் செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்க நடந்து வந்தீர்கள். வெள்ளைத் தொப்பியோடு தறப்பாள் பந்தலுக்குக் கீழே என் மகன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தப்பு அடிக்கிறவர்கள் உங்களைப் பார்த்துத் தயங்கியபோது, "அடிங்க, என்னப் பாக்காதீங்க" என்றீர்கள். சபையில் கை எண்ணி முடிந்த செய்தி உங்கள் போனுக்கு வந்தது. பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பாதீடு ஒரு கையால் தப்பியது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடலை எடுத்து முடியும்வரை இருந்துவிட்டுப் போனீர்கள்.

அந்த வாரமே மடவளைச் சந்தியில் பதாகை கட்டினார்கள். 'விலைபோனவர்' என்று எழுதியிருந்தது. உங்கள் பெயர் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. உங்கள் தலைவர் உங்களைக் கட்சியிலிருந்து நீக்கினார், உறுப்பினர் பதவியும் அதோடு போனது. வெறுங்கதிரை வழக்கம் அவருக்குத் தெரியாதா? தன் தகப்பனை அடக்கிய நாளில் அதன் நிழலில் நின்றவர்தானே? ஆனால் கையில் வந்த தவிசாளர் கதிரை நழுவிய கோபத்தில், காசு வாங்கிக்கொண்டு வராமல் இருந்தார் என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதைவிட மோசம் எங்கள் தவிசாளர். கடைத்தெருவில் ஒருவர் அவரிடம் நேரே கேட்டிருக்கிறார், ஹாஜியாரை நீங்கள் வாங்கினீர்களா என்று. அவர் சிரித்தார், ஹாஜியார். வெறுமனே சிரித்தார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாரையும் வாங்கக்கூடிய ஆள் என்று ஊர் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வது அவருக்கு நன்றாகவே இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு பதாகையை நம்பாதவர்களும் நம்பினார்கள்.

நான் கொதித்துப்போய் உங்கள் கடைக்கு வந்தேன். கண்டியில் ஒரு மண்டபம் எடுத்துப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடப்போகிறேன், அந்த வேனைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றேன். நீங்கள் யாருக்கோ பெயிண்ட் கலந்துகொண்டிருந்தீர்கள். குச்சியால் கலக்குவதை நிறுத்தவே இல்லை.

"என்ட பேரக் கழுவ ஒங்கட மாப்புள்ளட மய்யத்த மேசைக்கி மேல வெக்கப் போறீங்களா? வாணாம் தங்கச்சி. நான் இருக்கும் மட்டும் அதப் பேச வாணாம்."

என் மனிதரின் உடலைச் சந்திக்கு இழுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றினேன். ஆனால் இன்று சொல்கிறேன், அதற்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். பெருந்தன்மை உங்களுடையது, விலை கொடுத்தது உங்கள் மகள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தால், பேச்சு அப்படியே நின்றுவிடுமாம். ஒருநாள் ஒருத்தி முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறாள்: "ஒங்கட வாப்பாக்கு அந்த வோட்டுக்கு நல்லாக் கெடச்சாமே?" அவள் இதை உங்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். நீங்கள் கலங்குவீர்கள் என்று அவள் மறைத்தாள், என் துக்கம் சந்திக்கு வரக் கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள். பொய் சொன்னவர்கள் மட்டும் ஒன்றையும் மறைக்காமல் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நீங்கள் போன அன்று மடவளைக்கு வந்தேன். உங்கள் வீட்டுப் பெண்களோடு இருந்துவிட்டு, உங்கள் ஜனாஸா பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபோது வீதியோரத்தில் நின்றேன். உங்கள் தலைவர் முன்வரிசையில் நடந்தார், தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு. அவருக்கு முன்னால் ஒருவன் படம் எடுத்தபடியே பின்பக்கமாக நடந்தான். 

அதற்குள் சபையும் மாறியிருந்தது. புதுத் தேர்தல், புதுக் கூட்டு. உங்கள் தலைவர் எங்கள் பக்கம் வந்து இப்போது உப தவிசாளர். அதே பழைய தவிசாளரும் அவரும் தோளோடு தோள் உட்காருகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் உங்களுக்கு அனுதாபப் பிரேரணை கொண்டுவந்தார்கள். உங்கள் மகளைப் பார்வையாளர் வரிசை வாங்கில் உட்கார வைத்தார்கள். 'கட்சி பேதம் பாராத பெருந்தகை' என்றார் ஒருவர். 'எதிரணியின் துயரத்திலும் பங்கெடுத்த பண்பாளர்' என்றார் மற்றவர். எந்தத் துயரம், எந்த நாள் என்று இருவரும் சொல்லவில்லை. நான் பேசப் பெயர் கொடுத்திருந்தேன். நேரம் போதாது என்று வெட்டிவிட்டார்கள். எழுந்து நின்று மௌனம் காத்தோம். அது அவர்களுக்கு நன்றாக வரும்.

வெளியே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "ஆன்ட்டி, எல்லாரும் வாப்பாவ நல்லவர் என்டாங்க. காசு எடுக்கல்ல என்டு மட்டும் ஒத்தரும் செல்லல்லயே" என்றாள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். நான் இருக்கும் மட்டும் பேச வேண்டாம் என்றீர்கள். நீங்கள் இல்லை. வாக்கும் முடிந்தது.

இன்று கூட்டத்துக்கு முன் தவிசாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் வரவழைத்தார். நல்லபடியாக முடிப்போம் அக்கா, பழையதையெல்லாம் கிளற வேண்டாம் என்றார். அதே கரிசனைக் குரல். நான் தலையையும் ஆட்டவில்லை, தேநீரையும் குடிக்கவில்லை. உங்கள் மகள் அரைநாள் லீவு போட்டு, நான் சொன்னபடி பார்வையாளர் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன். குப்பை டிராக்டரில் போகிற பிள்ளைகளுக்கு நன்றி சொன்னேன். தேநீர் அறை அக்காவுக்கு நன்றி சொன்னேன். எதிர்ப்பக்கத்துப் பெயர்களைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், "எதிர்ப்பக்கத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர் ஒருவர்தான், அவர் இங்கே இல்லை" என்றேன். உப தவிசாளர் தலை நிமிர்ந்தார். என் வீட்டுக்காரர் செத்த நாளைச் சொன்னேன். உங்கள் போனைச் சொன்னேன். வெறுங்கதிரை வழக்கத்தைச் சொல்லி, அது யார் யாருக்குக் கிடைத்தது என்பதையும் சொன்னேன். பிறகு தவிசாளரைப் பார்த்துக் கேட்டேன்.

"அன்னைக்கி எங்க கோயில் முடக்குக்கு வேன் அனுப்புனது நீங்கதான? எதிர்ப்பக்கத்து ஆள முதல்லயே வெலைக்கி வாங்கியிருந்தீங்கன்னா, உங்களுக்கு என் கை எதுக்கு? வாசல்ல பொணத்தப் போட்டுட்டு வந்து கையத் தூக்கச் சொல்லி அந்த வேன் எதுக்கு வந்துச்சு? சொல்லுங்க!"

மணியடித்தார். நான் நிறுத்தவில்லை. ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். மலைச் சரிவில் கீழ் மலைக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது, ஒலிவாங்கி எனக்கு எதற்கு? புதிய உறுப்பினர்கள் சிலர் விளங்காமல் முழித்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து சிங்களத்தில் சொல்ல நீங்கள் இல்லை. நானே சொன்னேன். பிழை பிழையாக, முன்னுக்குப் பின்னாக, ஆனால் ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். வேனைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் திரும்பித் தவிசாளரைப் பார்த்தார்கள். அவருக்கு இந்தமுறை சிரிப்பு வரவில்லை.

கடைசியாக, "ஹாஜியார் காசு வாங்கினது தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எந்திரிச்சி நில்லுங்க" என்றேன். இரண்டு மொழியிலும் சொன்னேன். உப தவிசாளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒருவரும் எழவில்லை. நான் காத்து நின்றேன். முழங்கால் வலித்தது, ஆனாலும் நின்றேன்.

பிறகுதான் அந்தப் பொன்னாடை. யாரோ சைகை காட்ட, ஓடி வந்து போர்த்தினார்கள். தோளை மூடவா, வாயை மூடவா என்று தெரியாத அவசரம். பதிலுரைகள் எல்லாம் ரத்து. நான் பேசியதைக் கூட்டறிக்கையிலிருந்து நீக்கும்படி தவிசாளர் உத்தரவிட்டார்.

வெளியே படியில் உங்கள் மகள் எனக்காக நின்றாள். என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, ஒத்தரும் எழும்பல்ல தானே?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்தவள்தான், ஆனாலும் கேட்டாள்.

"இல்ல புள்ள. ஒருத்தரும் எந்திரிக்கல."

கார் நிற்கிற இடம் வருமுன் இன்னொரு தடவை கேட்டாள். நானும் இன்னொரு தடவை சொன்னேன். "நாளைக்கி ஸ்டாஃப் ரூம்ல நானே எழும்பி நின்டு கேக்கப் போறன் ஆன்ட்டி" என்றாள். உங்கள் நடைதான் அவளுக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன்.

அடையாள அட்டையைக் கையளிக்கத் திரும்பிப் போனபோது செயலாளர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர், பாவம். என் பேச்சு என்னவென்று கூட்டறிக்கையில் எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். விடைபெறும் உறுப்பினர் நன்றி தெரிவித்தார் என்று மட்டும் வரும் அம்மா என்றார்.

அதில் பிழையில்லை, ஹாஜியார். நன்றிதான் தெரிவித்தேன், உங்களுக்கு மட்டும். அட்டையை வாங்கினார்கள், மேசை லாச்சிச் சாவியை வாங்கினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். கோபத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.